காதுக்குத் தெரியாத பிழை

எங்கள் வீட்டுக் கூடத்து மர அலமாரியில், 30 ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்ந்த சி.டி.க்கள் ஏறக்குறைய 800 அடுக்கப்பட்டிருக்கின்றன. வாய்ப்பாட்டும் வீணையும் நாகசுரமும் பெரும்பகுதி. பழைய திரைப்பாட்டுத் தொகுப்புகள் சில. மேல்நாட்டுச் சங்கீதத்தில் ஆசை பிறந்த காலத்தில் வாங்கியவை ஒரு வரிசை. சென்ற மழைக்காலத்தில் அவற்றுள் ஒன்றைத் துடைப்பதற்காக எடுத்து, தற்செயலாக மின்விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தபோது, கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பியனுப்ப வேண்டிய அந்தத் தகட்டின் விளிம்போரத்தில், ஊசிமுனை அளவான ஒளிப்புள்ளிகள் பல மறுபுறத்திலிருந்து ஊடுருவி வரக் கண்டேன். ஓரம் லேசாகச் செம்பு நிறமும் கண்டிருந்தது. ஆனால் அதைப் போட்டுக் கேட்டால் பாட்டில் ஒரு குறையும் தெரியவில்லை. கண்ணுக்குச் சிதைவாகத் தெரிவது காதுக்கு எப்படி முழுமையாகக் கேட்கிறது என்ற கேள்விக்கு விடை தேடப் புகுந்தபோதுதான், அலமாரி முழுவதையும் ஓர் எழுத்தும் சிந்தாமல் பிரதியெடுத்து வைப்பது எத்தனை சூக்ஷ்மமான காரியம் என்பது எனக்கு விளங்கிற்று.

சி.டி. என்பது 12 சென்டிமீட்டர் குறுக்களவும் 1.2 மில்லிமீட்டர் கனமும் உள்ள பாலிகார்பனேட் தகடு. அதன் மேற்புறத்தில் நுண்ணிய பள்ளங்கள் ஒரே சுருள்வரியாக, உள்ளிருந்து வெளியே சுற்றிச் சுற்றிச் செல்லுமாறு பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் உள்ள இடைவெளி 1.6 மைக்ரான், சுருளைப் பிரித்து நேராக நீட்டினால் 5 கிலோமீட்டருக்கும் மேல் போகும். பள்ளங்களின்மேல் அலுமினியப் பூச்சு, அதன்மேல் மெல்லிய வார்னிஷ், அதன்மேல் பெயரும் படமும் அச்சிட்ட மை. லேசர்க் கதிர் கீழிருந்து, பாலிகார்பனேட்டின் முழுக் கனத்தையும் கடந்து வந்து பள்ளங்களைப் படிக்கிறது. தகட்டின் பளபளக்கும் அடிப்பக்கத்தைக் கண்போல் காத்து, படம் உள்ள பக்கத்தை மேசைமேல் குப்புற வைத்துத் தேய்க்கிறவர்கள் அநேகர். உண்மையில் அபாயம் படம் உள்ள பக்கத்தில்தான் அதிகம். அடிப்பக்கத்துக் கீறல் கதிரின் குவிமையத்திற்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தள்ளி இருப்பதால் மங்கிய நிழலாக மட்டுமே விழும். மேற்பக்கத்துக் கீறலோ வார்னிஷைக் கிழித்து அலுமினியத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விடும். வார்னிஷ் ஒருமுறை திறந்துகொண்டால் காற்றும் ஈரமும் உள்ளே புகுந்து உலோகத்தை அரிக்கும். 1988க்கும் 1993க்கும் இடையில் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரத்து ஆலையொன்றில் அச்சான தகடுகள் பல, உறைக்காகிதத்தில் இருந்த கந்தகம் பூச்சைத் தாக்கியதால், விளிம்பிலிருந்து உள்நோக்கி வெண்கல நிறம் படர்ந்து கெட்டுப்போனதை உலகெங்கும் சேகரிப்பாளர்கள் கண்டிருக்கிறார்கள். மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டிலிருந்து வந்த தகடொன்றில் ஒருவகைப் பூஞ்சை அலுமினியத்தையும் பிளாஸ்டிக்கையும் தின்றிருந்ததை 2001-இல் ஸ்பானிய விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். கடற்காற்றும் புழுக்கமும் நிறைந்த ஊர்களில் வாழும் நாம் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பள்ளங்களில் எழுதப்பட்டிருப்பது என்ன? சப்தம் என்பது காற்றழுத்தத்தின் ஏற்றத்தாழ்வு. அந்த ஏற்றத்தாழ்வை ஒரு விநாடியில் 44,100 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளுள்ள ஏணியில் ஒரு படியாகக் குறித்து, இடக்காதுக்கும் வலக்காதுக்கும் தனித்தனியே எழுதினால் விநாடிக்கு 14,11,200 பிட் ஆகிறது. பிலிப்ஸும் சோனியும் 1980-இல் இந்த நியதிகளை வகுத்தன. 1982 அக்டோபரில் ஜப்பானில் முதல் சி.டி. பிளேயர் விற்பனைக்கு வந்தது. 44,100 என்ற எண் விசித்திரமாகத் தோன்றலாம். அக்காலத்தில் இத்தனை எண்களைக் கொள்ளக்கூடிய நாடா வீடியோ நாடா ஒன்றே; படத்தின் ஒரு வரிக்கு 3 அளவுகள், ஒரு புலத்திற்கு (அரைப்படத்திற்கு) 245 வரிகள், விநாடிக்கு 60 புலங்கள் என்று பெருக்கினால் அந்த எண் கிடைக்கும். தொலைக்காட்சிப் படத்துக்கென்று ஏற்பட்ட ஒரு கணக்கு, தியாகராஜ கீர்த்தனைக்கும் பீத்தோவனுக்கும் ஒருங்கே அளவுகோலாய் அமைந்துவிட்டது.

இவ்வளவு நுண்ணிய எழுத்தைத் தூசியும் விரல்ரேகையும் படியும் தகட்டில் எழுதி, ஓடும்போதே படிப்பதென்றால் பிழை நேராமல் இராது. ஆகையால் பிழை நேரும் என்று ஒப்புக்கொண்டே அதற்குரிய பரிகாரத்தையும் தகட்டிலேயே எழுதி வைத்தார்கள். அந்த யுக்தியை விளக்க நம்முடைய ஓலைச்சுவடியைக் காட்டிலும் பொருத்தமான உவமை எனக்குத் தோன்றவில்லை. ஆயிரம் செய்யுட்களை ஏட்டில் எழுதி வைக்கும் ஒருவர், கரையான் என்றாவது ஓர் ஏட்டை முழுதும் அரித்துவிடக்கூடும் என்று முன்னரே அஞ்சி, ஒரு செய்யுளின் எழுத்துகளை ஒரே ஏட்டில் எழுதாமல், முதலெழுத்தை முதல் ஏட்டிலும், இரண்டாவதை ஐந்தாம் ஏட்டிலும், மூன்றாவதை ஒன்பதாம் ஏட்டிலுமாகச் சிதறி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஓர் ஏடு முழுதும் போனாலும் எந்தச் செய்யுளும் போகாது. பல செய்யுட்களில் ஒவ்வோர் எழுத்துத்தான் போகும். போன ஓர் எழுத்தை, எதுகையும் மோனையும் தளையும் அறிந்த புலவர் யாப்பைக் கொண்டே மீட்டுவிடுவார். சி.டி.யிலும் எண்கள் இப்படியே நான்கு நான்கு சட்டங்கள், அதாவது எண்களின் சிறு கட்டுகள், தள்ளிச் சிதறி எழுதப்படுகின்றன. ஒவ்வொரு 24 பைட் இசைக்கும் 8 பைட் யாப்புக்கட்டும் சேர்க்கப்படுகிறது. இந்த யாப்பிலக்கணத்தை இர்விங் ரீட், கஸ்டாவ் சாலமன் என்ற இரு கணித அறிஞர்கள் 1960-இல் வகுத்தார்கள். இதன் பலத்தால், சுருள்வரியில் 2.5 மில்லிமீட்டர் நீளம் தொடர்ந்து, அதாவது ஏறக்குறைய 4,000 பிட், அடியோடு அழிந்தாலும் அழிந்ததை ஓர் எண்கூடத் தவறாமல் பிளேயர் மீட்டுக்கொள்ளும். என் தகட்டின் ஊசிமுனைப் புள்ளிகள் பாட்டைத் தொடாததற்குக் காரணம் இதுதான்.

அழிவு அந்த எல்லையைக் கடந்தால் என்ன ஆகும்? இங்கேதான் நாம் நின்று கவனிக்க வேண்டும். மீட்க முடியாத எண்ணைப் பிளேயர் ஊகிக்கிறது. முன்னதையும் பின்னதையும் பார்த்து நடுவே பொருந்தக்கூடிய ஓர் எண்ணை இட்டு நிரப்பிவிட்டு மேலே செல்கிறது. நிரப்பவும் முடியாத அளவு பெரிய இடைவெளியானால் ஒரு கணம் ஒலியை அடக்கிக்கொள்கிறது. கேட்பவரின் இன்பம் கலையலாகாது என்ற கருணையினால் அமைத்த ஏற்பாடு இது. சங்கீதம் கேட்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டியதில்லை. ஆனால் பிரதியெடுப்பவருக்கு இந்தக் கருணையே பகை. ஊகித்து இட்ட எண்ணும் உண்மையான எண்ணும் கேட்பதில் ஒன்றே. கோப்பில் போய் உட்கார்ந்த பிறகு எது எழுதியது, எது இட்டுக்கட்டியது என்று பிரித்தறிய வழியில்லை. கேட்பதற்குப் போதுமான துல்லியம் வேறு, காப்பதற்குப் போதுமான துல்லியம் வேறு. சேகரிப்பைப் பிரதியெடுக்கப் புகுகிறவர்கள் இந்த வேற்றுமையை உணராமல், ஓடிற்று, கேட்டது, நன்றாயிருந்தது என்று திருப்தியடைந்துவிடுவதனால்தான் ஆயிரக்கணக்கான மணிநேர உழைப்பு ஐயத்துக்கிடமாய்ப் போகிறது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

கம்ப்யூட்டருக்கான சி.டி.க்களில் ஊகத்துக்கு இடமில்லை. வங்கிக் கணக்கின் ஓர் இலக்கத்தை உத்தேசமாக நிரப்ப எவரும் சம்மதியார். ஆதலால் அவற்றில் ஒரு பகுதிக்குரிய 2,352 பைட்டில் 2,048 பைட்டை மட்டும் செய்திக்கு விட்டு, மிச்சத்தை முகவரிக்கும் இரண்டாவது பிழைதிருத்தத்திற்கும் ஒதுக்கினார்கள். இசைத்தகட்டில் 2,352-உம் இசையே. இரண்டாவது காவலும் இல்லை. இன்ன எண் இன்ன இடத்தில் என்று திட்டமாய்க் கூறும் முகவரியும் இல்லை. விநாடியை 75 கூறாக்கி உத்தேசமாக இடஞ்சுட்டும் குறிப்பு மட்டும் ஓரமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால், தகட்டின் தொடக்கத்திலிருந்து படி என்று சொன்னால், ஒரு ட்ரைவ் 6 அளவுகள் தள்ளி ஆரம்பிக்கும், வேறொன்று 48, இன்னொன்று 667. 667 அளவு என்பது விநாடியின் ஆயிரத்தில் 15 பங்கு. எந்தச் செவிக்கும் எட்டாது. ஆயினும் ஒரு ட்ரைவில் எடுத்த பிரதியை வேறொரு ட்ரைவில் எடுத்த பிரதியோடு ஒப்பிட வேண்டுமானால் இந்தத் தள்ளலைக் கணக்கிட்டுச் சரிசெய்தே ஆகவேண்டும். நல்லவேளையாக, ஒரு மாடலில் செய்த ட்ரைவ்கள் யாவும் ஒரே அளவாகத்தான் தள்ளும்.

நம்பகமாகப் படிப்பது எப்படி? ஜெர்மனியைச் சேர்ந்த ஆந்த்ரே வீத்தாஃப் எழுதிய எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, கிறிஸ்டோபர் மான்ட்காமரி எழுதிய சிடி பாரனாய்யா போன்ற மென்பொருள்கள் ட்ரைவின் சொல்லை நம்பாமலே தொடங்குகின்றன. ஒவ்வொரு பகுதியையும் ஒருமுறைக்கு இருமுறை படிக்கச் சொல்லி, இரண்டும் ஒத்தால் ஏற்று, ஒவ்வாவிடில் மீண்டும் மீண்டும் படித்துப் பெரும்பான்மை எது என்று பார்க்கின்றன. ட்ரைவ் தன் நினைவில் வைத்திருந்ததையே திரும்ப ஒப்பித்துவிடாதபடி, இடையில் வேறோர் இடத்தைப் படிக்கச் செய்து அந்த நினைவை அழிக்கவும் செய்கின்றன. நல்ல தகடு ஓடும்போது ட்ரைவ் ஒரே சுருதியில் விர்ரென்று சுழல்வது கேட்கும். கீறல் விழுந்த இடம் நெருங்கியதும் அந்தச் சுருதி படிப்படியாக இறங்கும். லென்ஸ் முன்னும் பின்னும் நகரும் சிறு டிக்டிக் ஓசை எழும். திரையில் ஓடிக்கொண்டிருந்த கோடு நின்றுவிடும். சில சமயம் 4 நிமிஷப் பாட்டுக்கு ஒரு மணிநேரம் பிடிக்கும். அந்த ஒரு மணிநேரமும் யந்திரம் தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு உழைக்கும் நேரம், அதை அவசரப்படுத்தலாகாது.

ஒரே ட்ரைவ் ஒரே தவற்றைப் பலமுறையும் செய்யக்கூடும் அல்லவா? அதற்கும் ஓர் உபாயம் இருக்கிறது. ஒரே ஆலையச்சில் வார்த்த தகடுகள் ஆயிரக்கணக்கில் உலகமெங்கும் பரவியிருக்கின்றன. அவற்றைப் பிரதியெடுத்தவர்கள் தம் பிரதியிலிருந்து கணக்கிட்ட ஒரு சிறு சரிபார்ப்பு எண்ணை அக்யுரேட்ரிப் என்ற பொதுத் தொகுப்புக்கு அனுப்புகிறார்கள். நம் எண்ணை அதனுடன் ஒப்பிடலாம். சென்னையில் என் ட்ரைவ் படித்ததும், முகமறியாத வேறெங்கோ இருக்கும் பதினான்கு பேருடைய ட்ரைவ்கள் படித்ததும் ஒரே எண்ணைத் தருமானால், பதினைந்து தகடுகளிலும் ஒரே இடத்தில் ஒரே பிழை நேர்ந்தது என்று எண்ணுவதைவிட, பிழையே நேரவில்லை என்று கொள்வதே அறிவுக்குப் பொருந்தும். 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர், ஒரு பிரதியை நம்பாமல் ஊர் ஊராய்ச் சென்று பல பிரதிகளைத் தேடி ஒப்புநோக்கியதும் இந்தத் தர்க்கத்தின்பேரில்தான். கையால் எழுதிய ஏடுகள் மாறுபட்ட இடங்களில் அவர் தம் புலமையைக் கொண்டு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. நமக்கு ஒற்றுமையே சாட்சியாகிறது.

படித்தாகிவிட்டது, இனி எதில் எழுதி வைப்பது? ஒரு மணிநேரத் தகடு 635 மெகாபைட் கொள்ளும். எம்பி3 அதனைப் பத்தில் ஒரு பங்காக்கித் தரும். ஆனால் பெரிய ஓசைக்கருகே ஒலிக்கும் சிற்றோசையைச் செவி கவனியாது என்ற மனோதத்துவ உண்மையைக் கொண்டு, கவனியாததைக் களைந்துவிட்டே சுருக்குகிறது. களைந்தது திரும்பாது. இழப்பற்ற சுருக்கம் வேறு வழியில் செல்கிறது. ஒலியின் அளவுகள் தொடர்ந்து 1,000, 1,040, 1,078, 1,113, 1,146 என்று வருவதாகக் கொள்வோம். முதலிரண்டை மட்டும் எழுதிவிட்டு, இதே போக்கில் போனால் அடுத்தது 1,080 ஆக இருக்கும் என்று எதிர்பார்க்கிறோம், வந்தது 1,078, வித்தியாசம் -2. அடுத்த எதிர்பார்ப்பு 1,116, வந்தது 1,113, வித்தியாசம் -3. அதற்கடுத்தது 1,148; வந்தது 1,146; -2. எதிர்பார்க்கும் விதி எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் ஒன்றேயாகையால், வித்தியாசங்களை மட்டும் எழுதிவைத்தால் போதும். படிப்பவர் மூல எண்களை அப்படியே மீளக் கூட்டிக்கொள்வார். 16 பிட் வேண்டியிருந்த எண்ணுக்குப் பதிலாக இப்போது -2, -3 போன்ற சிற்றெண்களே உள்ளன. ராபர்ட் ரைஸ் என்பவர் விண்வெளிக் கலங்கள் அனுப்பும் செய்திகளுக்காக வகுத்த குறியீட்டில் -2க்கு 3 பிட், -3க்கு 4 பிட் போதும். பிளேயர் பிழையை மூடி மறைக்க ஊகித்தது. இங்கேயும் ஊகிக்கிறோம், ஆனால் ஊகம் எவ்வளவு தவறியது என்பதையும் விடாமல் எழுதி வைக்கிறோம். அந்தக் கணக்கு இருப்பதால் இந்த ஊகத்தில் கேடில்லை.

எந்தச் சங்கீதம் எவ்வளவு சுருங்கும் என்பதைக் கவனிப்பது அலாதியான அனுபவம். தம்புராவின் மீட்டலும் வீணையின் நீண்ட கார்வையும் அடுத்த கணத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. வித்தியாசங்கள் சிறிதாக, கோப்பும் சிறிதாகிறது. தவிலின் தொப்பியில் விழும் அடி எந்த விதியையும் முன்னறிவித்துக்கொண்டு வருவதில்லை. அந்த இடத்தில் கோப்பு பெருக்கிறது. 78 சுற்று இசைத்தட்டிலிருந்து எடுத்துச் சி.டி.யாக்கிய பழைய பாட்டுகளின் கரகரப்பு எவ்வித ஊகத்துக்கும் கட்டுப்படாதது. எனினும் அத்தகைய தகடுகள் சில பாதிக்கும் கீழே சுருங்கக் கண்டு முதலில் வியந்தேன். இடமும் வலமும் ஒரே எண்களாக இருந்தால் இரண்டின் வித்தியாசம் முழுதும் பூஜ்யமாகிவிடும். ஒரு பக்கத்தை எழுதினாலே போதும். உறையில் ஸ்டீரியோ என்று அச்சிட்டிருந்த ஒரு தகடு, கோப்பின் சிறுமையினாலேயே தன்னை மோனோ என்று வெளிப்படுத்திக்கொண்டது.

இந்த முறையைக் கையாளும் வடிவங்களில் ஃபிளாக் என்பதையே நான் தேர்ந்துகொண்டேன். ஜாஷ் கோல்சன் என்பவர் ஆக்கி, 2001-இல் எவருக்கும் கட்டணமின்றித் திறந்துவிட்டது; இதன் இலக்கணம் முழுவதும் 2024 டிசம்பரில் இணைய நியமமாகவே வெளியாகிவிட்டது. ஒரு நிறுவனம் மறைந்தாலும் இலக்கணம் மறையாதென்பது, நம் பேரக்குழந்தைகள் காலத்தை எண்ணிச் செய்யும் காரியத்தில் சாமானியமான விஷயமன்று. ஆப்பிளின் அலாக் வடிவமும் 2011-இல் திறக்கப்பட்டதே. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எத்தனை முறை மாற்றினாலும் ஓர் எண்ணும் பிசகாதாகையால், தேர்வு தவறிவிடுமோ என்று கவலைப்படுவதற்கில்லை. ஃபிளாக்கில் 0 முதல் 8 வரை சுருக்க நிலைகள் உண்டு. 8 என்றால் ஒலி நயம் கூடுமென்று நண்பர்கள் சிலர் எண்ணுகிறார்கள். ஒலி எல்லா நிலையிலும் ஒன்றே. கூடுவது கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும் நேரம், குறைவது கோப்பின் அளவு, அவ்வளவுதான். இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. மூல எண்கள் அனைத்திலிருந்தும் கணக்கிட்ட 128 பிட் முத்திரையொன்று கோப்பின் தலைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. பத்தாண்டு கழித்துக் கோப்பைத் திறந்து, எண்களை மீட்டு, மறுபடி கணக்கிட்டுப் பார்த்தால் முத்திரை ஒத்துப்போகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். ஹார்ட் டிஸ்க்கில் எங்கோ ஒரு பிட் புரண்டிருந்தாலும் அது ஒளிந்துகொள்ள முடியாது.

நம் சங்கீதத்துக்கே உரிய சிக்கல் இரண்டு உண்டு. ராகம் தானம் பல்லவியை மூன்று நான்கு டிராக்குகளாகப் பிரித்திருப்பார்கள். ஆனால் தம்புரா நிற்பதில்லை. எம்பி3 தன் எண்களை 1,152 கொண்ட கட்டுகளாகவே எழுதுமாதலால், டிராக்கின் இறுதியில் எஞ்சும் இடத்தை நிசப்தத்தால் நிரப்பும். ஆலாபனை தானத்துள் நுழையும் அந்த நுட்பமான தருணத்தில் சுருதி ஒரு கணம் அறுந்து மீளும். ஃபிளாக்கில் முதல் டிராக்கின் கடைசி எண்ணை அடுத்த டிராக்கின் முதல் எண் தொட்டுக்கொண்டே நிற்கும். மற்றொரு சிக்கல் பெயர்கள். பெரும்பாலான சி.டி.க்களில் பாட்டின் பெயர்கூட எழுதப்படவில்லை. டிராக்குகளின் நீளங்களைக் கொண்டு தகட்டை அடையாளங்கண்டு இணையத் தொகுப்புகள் பெயரளிக்கின்றன. அங்கே தோடி ஒருவர் கையில் நான்கெழுத்தாகவும் மற்றொருவர் கையில் ஐந்தெழுத்தாகவும் ரோமன் லிபியில் வந்து சேரும். பக்கவாத்தியக்காரர் பெயர் வரவே வராது. ஃபிளாக்கில் நாமே புதிய தலைப்புகளை ஏற்படுத்திக்கொள்ளலாம். தமிழ் எழுத்திலேயே எழுதலாம். ராகம், தாளம், இயற்றியவர், வயலின், மிருதங்கம், கடம் என்று தகட்டுறையைப் பார்த்து ஒவ்வொன்றாக எழுதிவருகிறேன். உறைகளையும் ஸ்கேன் செய்து உடன் வைக்கிறேன். தகடு படிக்கக் கால்மணி நேரமென்றால் இந்த வேலைக்கு அரைமணி. நாளொன்றுக்கு நான்கு தகடு என்று வைத்தாலும் 800-க்கு 200 நாள். முடிந்தபின் ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் பாதிகூட நிரம்பாது. ஒரு பிரதி வீட்டிலும் ஒரு பிரதி வெளியூரில் தம்பி வீட்டிலுமாக வைத்து, ஆண்டுக்கொருமுறை முத்திரைகளைச் சரிபார்ப்பதாக ஏற்பாடு.

இவற்றுள் அவசரமாக முதலில் எடுக்கவேண்டியவை கடையில் வாங்கியவையல்ல. வீட்டில் எழுதிய சி.டி.ஆர் தகடுகள். அவற்றில் பள்ளங்களே இல்லை. கரிமச் சாயத்தில் லேசர் சுட்ட புள்ளிகள்தான், வெயில் பட்டால் வெளுக்கும். அலமாரியின் கடைசித் தட்டில் பச்சை நிறங்கொண்ட ஒரு தகடு இருந்தது. எங்கள் ஊர்க் கோயில் உற்சவத்தில் இரவில் வாசித்த நாகசுரத்தை யாரோ ஓர் அன்பர் பதிவுசெய்து, பேனாவினால் தேதி எழுதிக் கொடுத்தது. இதற்கு உலகில் வேறு பிரதியில்லை. பதினான்கு பேர் சாட்சி சொல்ல வரமாட்டார்கள். ஆகவே இரண்டு வெவ்வேறு கம்பெனி ட்ரைவ்களில் தனித்தனியே படித்து, தள்ளலைச் சரிசெய்து ஒப்பிட்டேன். ஆறு டிராக்குகளில் ஐந்துக்கு இரண்டும் ஒரே எண்ணைத் தந்தன. ஆறாவதில், மல்லாரி முடிந்து ஆலாபனை தொடங்கிய பிறகு, 3 நிமிஷம் 41-ஆம் விநாடியில் 212 அளவுகள் மட்டும் வேறுபட்டன. எத்தனை முறை படித்தாலும் ஒவ்வொரு ட்ரைவும் தன் பாடத்தையே மீண்டும் சொல்லிற்று. காதில் இரண்டும் ஒன்றே. எது எழுதியது, எது இட்டுக்கட்டியது என்று தீர்மானிக்க எனக்கு ஆதாரமில்லை. இரண்டு கோப்புகளையும் அழிக்காமல் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, வேறுபட்ட இடத்தையும் எந்த ட்ரைவ் எதைச் சொல்லிற்று என்பதையும் குறித்து, தலைப்பில் பாடபேதம் என்று எழுதியிருக்கிறேன்.